இரத்தக் கொதிப்பும் நாடியைச் சீராக்கும் மருந்தும்



பள்ளி மணிக்குக் கட்டுப்பட்டு 36 ஆண்டுகள் வாழ்ந்தவன் நான். மணி அடித்தால் வகுப்புத் தொடங்கும். மணி அடித்தால் வகுப்பு முடியும். ஒரு நாள் கடைநிலை ஊழியர் நேரம் தவறி மணியை அடித்துவிட்டால் போதும், பள்ளி முழுவதும் குழம்பிப் போகும். ஒரு வகுப்பு வெளியே வரும். மற்றொரு வகுப்பு உள்ளே செல்லும். ஆசிரியர்கள் தாழ்வாரத்தில் நின்று விழிப்பார்கள். அத்தகைய மணி ஒன்று நம் நெஞ்சினுள்ளும் அடித்துக்கொண்டிருக்கிறது. அது தடுமாறும்போது அதைச் சீராக்குவதற்கென மருந்துகள் உள்ளன. நெடுங்காலம் இரத்தக் கொதிப்பால் உழைத்துத் தடித்துப்போன இதயத்தில் அம்மருந்துகள் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். நான் மருத்துவன் அல்லேன். ஆயினும், இந்தப் பாடத்தை என் உடம்பிலேயே படித்தவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

முதலில் இதயத்தின் இயல்பைச் சிறிது காண்போம். இதயத்தில் மேலறைகள் இரண்டு, கீழறைகள் இரண்டு. வலது மேலறையின் மேற்பகுதியில் ஒரு சிறு திசு உண்டு. அதிலிருந்து ஒரு நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை வரை மெல்லிய மின் துடிப்பு எழுகின்றது. அது முதலில் மேலறைகளிலும், பின்னர் ஒரு நொடியின் சிறு பகுதி தாமதித்துக் கீழறைகளிலும் பரவுகின்றது. அத்துடிப்புப் பரவும் வரிசையில் தசைகள் சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளுகின்றன. ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை இது நடைபெறுகிறது.

இந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நாம் உண்ணும் உணவிலுள்ள உப்புகளிலிருந்துதான். இதயத்தின் ஒவ்வோர் உயிரணுவின் மேலுறையிலும் நுண்ணிய வாயில்கள் இருக்கின்றன. ஒரு வாயில் திறந்து சோடியம் உள்ளே பாய்ந்தால் துடிப்புத் தொடங்குகிறது. அடுத்துக் கால்சியம் நுழைந்து தசையைச் சுருங்கச் செய்கிறது. இறுதியில் பொட்டாசியம் வெளியேறுகிறது. உயிரணு இளைப்பாறி அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாகிறது. நாடியைச் சீராக்கும் மருந்துகள் பெரும்பாலும் இந்த வாயில்களையே பற்றி நிற்கின்றன. சில மருந்துகள் சோடிய வாயிலை ஒடுக்கித் துடிப்பு பரவும் வேகத்தைக் குறைக்கும். சில, பொட்டாசிய வாயிலை ஒடுக்கி இளைப்பாறும் நேரத்தை நீட்டும். சில, கால்சிய வாயிலை ஒடுக்கும். வேறு சில, நரம்புகளின் தூண்டுதலைத் தணிக்கும். பிரிட்டிஷ் அறிஞரான வாகன் வில்லியம்ஸ் 1970ஆம் ஆண்டில் இம்மருந்துகளை வகைப்படுத்திக் காட்டியதும் இந்த அடிப்படையில்தான்.

இனி, இரத்தக் கொதிப்புக்கு வருவோம். குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும்போது, அதனை எதிர்த்து இரத்தத்தைத் தள்ள வேண்டிய இடது கீழறை நாளடைவில் தடித்துவிடுகிறது. மூட்டை சுமப்பவரின் தோள் திரண்டு போவதைப் போன்றதே இது. ஆனால், தோள் திரண்டால் வலிமை. இதயம் திரண்டால் நோய். ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் கனமுள்ள சுவர் 13, 14, 15 மில்லிமீட்டர் எனப் பருக்கிறது. தசைகளுக்கு இடையே நார்கள் படர்கின்றன. சுவர் விறைத்துப் போவதால் மேலறையிலிருந்து இரத்தம் எளிதில் இறங்குவதில்லை, மேலறை விரிகிறது. விரிந்த மேலறையில் ஒரே நேரத்தில் பல இடங்களில் மின் துடிப்புகள் எழுந்து, நிமிடத்திற்கு 350 முறைக்கு மேல் அது நடுங்கத் தொடங்குகிறது. இதனை மேலறை நடுக்கம் எனலாம். நாடியைத் தொட்டுப் பார்த்தால் ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும், ஒன்று வலிவாகவும் ஒன்று மெலிவாகவும் எவ்வித ஒழுங்கும் இன்றி அடிக்கும். உலகில் மேலறை நடுக்கத்திற்கு ஆளாவோரில் மிகப் பலருக்கு இரத்தக் கொதிப்பு உண்டு.

இந்நோய்க்கு மருந்து கண்ட கதை சுவையானது. 1912ஆம் ஆண்டில் டச்சு நாட்டு வணிகர் ஒருவர், வென்கெபாக் என்னும் புகழ்பெற்ற மருத்துவரிடம் வந்தார். அவருக்கு அவ்வப்போது நாடி ஒழுங்கிழந்து அடிக்கும். அதைச் சீராக்க இயலாது என்று மருத்துவர் கூறினார். வணிகரோ, அதை நிறுத்தத் தமக்குத் தெரியும் என்று சொல்லிச் சென்று, மறுநாள் ஒழுங்கான நாடியுடன் வந்து நின்றார். அவர் உட்கொண்டது மலேரியாக் காய்ச்சலுக்கு நாம் கொடுக்கும் கொய்னா, ஒரு கிராம். வென்கெபாக் இதனை 1914ஆம் ஆண்டில் தம் நூலில் எழுதினார். 1918ஆம் ஆண்டில் பெர்லினில் ஃபிரை என்பவர், அதே சிங்கோனாப் பட்டையிலிருந்து கிடைக்கும் குயினிடின் இன்னும் சிறப்பாக வேலை செய்வதைக் கண்டார். அதன்பின் பல பத்தாண்டுகள் குயினிடினே இத்துறையில் அரசோச்சியது.

ஆனால், குயினிடின் உண்டவர்களுள் சிலர் காரணமின்றி மயங்கி விழுந்தனர், சிலர் மாண்டனர். 1964ஆம் ஆண்டில் செல்சர், ரே என்னும் இருவர் அம்மயக்கத்தின் காரணத்தை எழுதினர். கீழறைகளே திடீரென வெறிகொண்டு துடித்ததால் அம்மயக்கம் நேர்ந்தது. 1966ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் தெசர்தென், மின்வரைபடத்தில் அலைகள் முறுக்கிக்கொண்டு சுழல்வதைப் போலத் தோன்றும் ஒரு வகை வேகத் துடிப்பை விளக்கிப் பெயரிட்டார். நாடியைச் சீராக்க உண்ட மருந்தே நாடியைச் சீர்குலைக்கவும் கூடும் என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

இங்கே என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பதினைந்து ஆண்டுகளாக இரத்தக் கொதிப்பு. காலையில் ஒரு மாத்திரை. அதை உண்பதும் நாட்காட்டியில் தாள் கிழிப்பதும் எனக்கு ஒன்றுபோலப் பழகிவிட்டன. ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் கழித்து, ஒரு மாலையில் நெஞ்சு படபடத்தது. இதய மருத்துவர் ஒருவர் மின்வரைபடம் எடுத்து, மேலறை நடுக்கம் என்றார். அது வந்து வந்து போகும் வகை. சோட்டலால் என்னும் மருந்தை எழுதிக் கொடுத்தார். அதே சீட்டில் இதயத்தின் ஒலியலைப் படம் எடுத்து வருமாறும், இரத்தத்தில் பொட்டாசியத்தின் அளவைச் சோதித்து வருமாறும் எழுதியிருந்தார். வேறு என்ன மருந்து உண்கிறீர்கள் என்றும் கேட்டார். “கொதிப்புக்கு ஒரு மாத்திரை, அவ்வளவுதான்” என்றேன். மருந்தை அன்றே வாங்கினேன். சோதனைகளை அடுத்த மாதம் ஓய்வூதியம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டேன்.

மூன்று வாரம் கழிந்தது. கோடைக் காலம். ஒரு திருமண விருந்துக்குப் பின் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள் காலையில் கிணற்றடியில் வாளியை எடுக்கக் குனிந்தவன், நிமிரவில்லை. வாளி உருண்ட ஓசை கேட்டு என் துணைவியார் ஓடி வந்ததாகப் பின்னர் சொன்னார்கள். நான் கண் விழித்தது மருத்துவமனையில்.

அங்கே பணியில் இருந்த பெண் மருத்துவர் இளையவர். என் பேத்தி என்றே சொல்லலாம். “ஐயா, வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்டார். முன்பு சொன்ன விடையையே சொன்னேன். அவர் அத்துடன் விடவில்லை. வீட்டிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து வரச் செய்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் காட்டினார். நான் ஒரு மருந்து என எண்ணிப் பல ஆண்டுகளாக உண்டு வந்த அந்த ஒரு மாத்திரையினுள் இரண்டு மருந்துகள் இருந்தன. ஒன்று இரத்தக் குழாயைத் தளர்த்துவது; மற்றொன்று குளோர்தாலிடோன் என்னும் நீர் மருந்து, அதாவது சிறுநீரைப் பெருக்கி அழுத்தத்தைக் குறைப்பது. பொடி எழுத்தில் தெளிவாகத்தான் அச்சிட்டிருந்தார்கள். நான்தான் படிக்கவில்லை. கேள்வித்தாளை முழுதும் படிக்காமல் விடை எழுதாதே என்று எத்தனை ஆயிரம் மாணவர்களுக்குச் சொல்லியிருப்பேன்!

நடந்தது இதுதான். நீர் மருந்து சிறுநீரோடு பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் வெளியேற்றுகிறது. வயிற்றுப்போக்கும் அவ்வாறே செய்கிறது. இரத்தத்தில் 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டிய பொட்டாசியம் எனக்கு 2.8 ஆக இறங்கியிருந்தது. சோட்டலாலோ பொட்டாசிய வாயிலை ஒடுக்கி இளைப்பாறும் நேரத்தை நீட்டும் மருந்து. பொட்டாசியம் குறைந்தால் அந்த வாயில் மேலும் ஒடுங்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக, கொதிப்பினால் தடித்த இதயத்தில் உயிரணுக்கள் இளைப்பாறுவதற்கு மருந்தில்லாமலே அதிக நேரம் எடுத்துக்கொள்கின்றன. உடம்பில் நீர் வற்றியதால் சிறுநீரகம் தளர்ந்து, அது வெளியேற்ற வேண்டிய சோட்டலாலும் தேங்கியிருக்கும் என்றார் மருத்துவர். இத்தனையும் ஒருசேர நேர்ந்தன. அரை நொடிக்குள் நன்கு அடங்க வேண்டிய இடைவெளி என் மின்வரைபடத்தில் அரை நொடியைத் தாண்டி நின்றது. அந்நிலையில் ஒரு துடிப்பு காலம் தவறி விழுந்தால், தெசர்தென் கண்ட அந்த முறுக்கு அலை கிளம்பிவிடும். எனக்குக் கிளம்பியது, தானே நின்றும்விட்டது. நில்லாதிருந்தால் இந்த உரையை ஆற்ற நான் இங்கே இருந்திரேன்.

சோட்டலாலை நிறுத்தி, மக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் நரம்பு வழியே ஏற்றினார்கள். பின்னர் எடுத்த ஒலியலைப் படத்தில் என் இதயச் சுவரின் கனம் 14 மில்லிமீட்டர் என்று தெரிந்தது. முதல் மருத்துவர் எழுதிக் கொடுத்த படம்தான் அது. ஒரு மாதம் முன்னரே எடுத்திருந்தால், மருந்தே வேறாக இருந்திருக்கும்.

ஒருவருடைய அனுபவத்தை வைத்து உலகுக்கு விதி கூறலாகாது. ஆதலின், பெரிய ஆய்வுகள் கூறுவதையும் பார்ப்போம்.

மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்குக் கீழறையில் அவ்வப்போது அதிகப்படியான துடிப்புகள் தோன்றும். அவற்றை அடக்கினால் திடீர் மரணம் குறையும் என்று மருத்துவ உலகம் உறுதியாக நம்பியிருந்தது. அந்நம்பிக்கையை அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு சோதித்தது. என்கேனைடு, ஃபிளெக்கேனைடு என்னும் இரண்டு சோடிய வாயில் மருந்துகளைச் சிலருக்கும், மருந்தில்லாத வெறும் மாத்திரையைச் சிலருக்கும் கொடுத்தார்கள். 1989ஆம் ஆண்டில் அந்தப் பகுதியை இடையிலேயே நிறுத்த நேர்ந்தது. 1991ஆம் ஆண்டில் முழுக் கணக்கு வெளிவந்தது. சராசரி 10 மாதக் காலத்தில், மருந்து உண்ட 755 பேரில் 63 பேர் இறந்தனர். வெறும் மாத்திரை உண்ட 743 பேரில் 26 பேரே இறந்தனர். மருந்து அதிகப்படியான துடிப்புகளை அடக்கியது உண்மை. மின்வரைபடம் அழகாக இருந்ததும் உண்மை. ஆனால் இறந்தோர் தொகை இரு மடங்குக்கும் மேலாயிற்று. தழும்பு விழுந்த இதயத்தில் துடிப்பு பரவும் வேகத்தைக் குறைத்தபோது, மின்சாரம் தழும்பைச் சுற்றிச் சுற்றி வந்து வெறித் துடிப்பாக மாற வழி ஏற்பட்டது என்று விளக்கம் கூறினர்.

இந்த ஆய்வு மாரடைப்பு வந்தவர்களைப் பற்றியது. கொதிப்பு நோயாளர் எல்லோரையும் பற்றியதன்று. எனினும், தடித்து நார் படர்ந்த இதயத்தைப் பற்றியும் இதே அச்சம் எழுந்தது. ஆகவே, 2006ஆம் ஆண்டில் அமெரிக்க, ஐரோப்பிய இதய மருத்துவக் கழகங்கள் கூட்டாக வெளியிட்ட நெறிமுறையில், மேலறை நடுக்கமுள்ள கொதிப்பு நோயாளர்களுக்கு இதயச் சுவரின் கனத்தை முதலில் அளந்து பார்க்குமாறு கூறினர். கனம் மிகாதவர்களுக்கு ஃபிளெக்கேனைடு போன்றவை தகும் என்றும், 14 மில்லிமீட்டரை எட்டியவர்களுக்கு அமியோடரோன் என்னும் மருந்தே ஏற்றது என்றும் வகுத்தனர்.

அமியோடரோன் தடித்த இதயத்திலும் முறுக்கு அலையை அரிதாகவே உண்டாக்கும். அதற்கும் ஒரு விலை உண்டு. அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயோடின். உடம்பின் கொழுப்பில் தங்கி, நிறுத்திய பிறகும் பல வாரங்கள் விலகாது. தைராய்டு சுரப்பியையும், கல்லீரலையும், நுரையீரலையும் அது தாக்கக்கூடும். ஆகையால் குறிப்பிட்ட காலங்களில் இரத்தச் சோதனை இன்றியமையாதது. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், பழைய மருந்தான டிஜாக்சின் ஆகிய இரண்டின் வேகத்தையும் அது கூட்டிவிடும். அவற்றின் அளவை மருத்துவர் குறைக்க வேண்டியிருக்கும்.

பீட்டா தடுப்பு மருந்துகள் நாடியின் வேகத்தையும் கொதிப்பையும் சேர்ந்தே தணிக்கும். இவற்றுள் ப்ரோப்ரனலாலை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். வெரப்பமில், டில்டியாசெம் என்னும் கால்சிய வாயில் மருந்துகளும் அவ்வாறே இரண்டையும் தணிக்கும். ஆயினும், பீட்டா தடுப்பு மருந்தையும் வெரப்பமிலையும் ஒருசேர உண்டால் நாடி ஆபத்தான அளவுக்கு மெதுவாகிவிடக் கூடும். ஒரு மருத்துவர் கொதிப்புக்கு ஒன்றும், மற்றொரு மருத்துவர் நாடிக்கு மற்றொன்றும் எழுத, இரண்டும் ஒரே வயிற்றுக்குள் சந்திக்கும் இடர் இங்கேயும் உண்டு.

அப்படியாயின் நாடியைச் சீராக்காமலே விட்டுவிடலாமா? 2002ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதனை ஆராய்ந்தது. மேலறை நடுக்கமுள்ள 4,060 பேரை எடுத்துக்கொண்டனர். அவர்களுள் நூற்றுக்கு எழுபது பேருக்குக் கொதிப்பு இருந்தது. ஒரு சாராருக்கு மருந்தால் நாடியை ஒழுங்காக்க முயன்றனர். மற்றொரு சாராருக்கு ஒழுங்கின்மையை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் குறைத்தனர். ஐந்து ஆண்டுக் கணக்கில், ஒழுங்காக்கிய பக்கத்தில் ஆயுள் கூடவில்லை. நாடி சீராகிவிட்டது என்று எண்ணி உறைதடுப்பு மருந்தை நிறுத்திய பலருக்குப் பக்கவாதம் வந்ததையும் அந்த ஆய்வு காட்டியது. பின்னர் 2020ஆம் ஆண்டில் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்று 2,789 பேரை ஆராய்ந்தது. நோய் கண்ட ஓராண்டுக்குள்ளேயே, தக்க கண்காணிப்புடன் நாடியை ஒழுங்காக்கத் தொடங்கினால், பக்கவாதம், இதய நோயால் மரணம் முதலியன குறைகின்றன என்று அது கண்டது. ஆக, மருந்தைப் பழிப்பதற்கில்லை. எந்த இதயத்திற்கு, எப்போது, எந்தக் கண்காணிப்பில் என்று பார்த்துக் கொடுப்பதே முறை.

வேரைக் கவனிப்பதும் பயன் தரும். தடித்த இதயமுள்ள கொதிப்பு நோயாளர்களிடம் நடத்திய ஓர் ஆய்வின் முடிவு 2005ஆம் ஆண்டில் வந்தது. லோசார்டன், அட்டினலால் என்னும் இரு மருந்துகளும் அழுத்தத்தை ஏறத்தாழ ஒரே அளவில் குறைத்தன. எனினும், லோசார்டன் உண்டவர்களில் 150 பேருக்கே புதிதாக மேலறை நடுக்கம் வந்தது. அட்டினலால் உண்டவர்களில் 221 பேருக்கு வந்தது. கொதிப்பை உரிய மருந்தால் தொடக்கத்திலேயே அடக்கினால், நாடியைச் சீராக்கும் மருந்து தேவைப்படுவதையே பலருக்குத் தள்ளிப்போடலாம்.

நேயர்களே, நான் கற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாடியைச் சீராக்கும் மருந்து தொடங்கும் முன்பும், தொடங்கிய பின்பும் மின்வரைபடம் எடுத்துக்கொள்ள வேண்டும். இதயச் சுவரின் கனம், பொட்டாசியத்தின் அளவு, சிறுநீரகத்தின் நிலை ஆகியவற்றை மருத்துவர் அறிந்திருக்க வேண்டும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் அன்றே அவருக்குத் தெரிவிக்க வேண்டும். காய்ச்சலுக்கும் சளிக்கும் கொடுக்கும் சில நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகளும் இளைப்பாறும் நேரத்தை நீட்டும்; ஆகவே, கடையில் கேட்டு வாங்கி உண்ணலாகாது. மயக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் வெயில் என்று ஒதுக்கலாகாது. அதே சமயம், என் கதையைக் கேட்டு அஞ்சி எவரும் தம் மருந்தைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. என்னைப் பார்க்க வந்த நண்பர் ஒருவர், பொட்டாசியம்தானே குறைவு, நாளுக்கு நான்கு இளநீர் குடியுங்கள் என்றார். அந்த இளம் மருத்துவர் தடுத்துவிட்டார். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குப் பொட்டாசியம் மிகுந்தாலும் இதயம் நின்றுவிடும் என்றார்.

இப்பொழுது எனக்கு நாடியின் வேகத்தைக் குறைக்க ஒரு பீட்டா தடுப்பு மருந்தும், இரத்தம் உறையாமலிருக்க ஒரு மருந்தும், கொதிப்புக்கு நீர் மருந்து கலவாத வேறொரு மருந்தும் தருகிறார்கள். நாடி சில நாள் ஒழுங்காக அடிக்கிறது. சில நாள் தடுமாறுகிறது. அதனோடு வாழப் பழகிக்கொண்டேன்.

என் சட்டைப் பையில் ஒரு தாளை நான்காக மடித்து வைத்திருக்கிறேன். நான் உண்ணும் ஒவ்வொரு மாத்திரையின் உள்ளே இருக்கும் ஒவ்வொரு மருந்தின் பெயரும் அளவும் அதில் உள்ளன. அட்டையின் பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து எழுதியது. எந்த மருத்துவரிடம் சென்றாலும், அவர் கேட்பதற்கு முன்னமே அதை மேசைமேல் விரித்துவைக்கிறேன். கணக்கில் விடையை மட்டும் எழுதாதே, வழிமுறையையும் எழுது என்று மாணவர்களை அதட்டியவன் நான். என் கணக்கில் விட்டுப்போன ஒரு வரி கிணற்றடியில் என்னை வீழ்த்தியது. நேயர்களும் இன்றே தத்தம் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்து அப்படி ஒரு தாள் எழுதி வைத்துக்கொண்டால், இந்த உரை பயனுடையதாகும்.